தகரக் கொட்டகையா, வகுப்பறையா?

தில்லியில் நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியொன்றுக்குக் கூடுதலாக நான்கு வகுப்பறைகள் தேவைப்பட்டன. கட்டடப் பொறியாளன் என்ற முறையில் வரைபடப் பொறுப்பு எனக்கு வந்தது. செங்கல் கட்டடம் எழும்ப மாதக்கணக்காகும். தொழிற்சாலையிலேயே செய்த எஃகுச் சட்டங்களையும் சுவர்ப் பலகைகளையும் கொண்டுவந்து கோடை விடுமுறைக்குள் பூட்டிவிடலாம் என்றேன்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்தார். "கும்பகோணத்தை மறந்துட்டீங்களா சார்?"

யாரால் மறக்க முடியும்? 2004 ஜூலை 16 அன்று, சமையற்கூடத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டதே!

வரைபடத்தைப் பிரித்துக் காட்டினேன். அறைக்கு 500 சதுர அடி, அது சி.பி.எஸ்.இ. விதி. வெளிப்புறமாகத் திறக்கும் இரண்டு கதவுகள். சுவரிலும் கூரையிலும் இரு தகடுகளுக்கு நடுவே எரியாத பாறைக் கம்பளி. தில்லி வெயிலையும் அது தடுக்கும்.

"தெர்மோகோல் வைத்தால் மலிவாயிற்றே!" என்றார் நிர்வாகி ஒருவர்.

"அது எளிதில் தீப்பற்றும். அதற்கு நான் கையெழுத்திட மாட்டேன்" என்றேன்.

கையிலிருந்த பணத்துக்கு மூன்று அறைகளே எழுந்தன. நான்காவது அடுத்த ஆண்டு என்று முடிவாயிற்று. அந்தத் தாய்தான் முதலில் கைதூக்கினார்.

அன்பர்களே, உங்கள் பிள்ளையின் பள்ளியில் இத்தகைய அறை எழுந்தால், பலகைக்குள் என்ன இருக்கிறது என்று அவசியம் கேளுங்கள்.