பாயசத்துக்கு ஒன்று, வடகத்துக்கு வேறு! ஜவ்வரிசியிலே ரகம் பார்த்து வாங்குவது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைகளில் மாலை நேரத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

"அண்ணா, அரைக் கிலோ ஜவ்வரிசி போடுங்க."

"எதுக்குங்க்கா? பாயசத்துக்கா, வடகத்துக்கா?"

"ஜவ்வரிசின்னா ஜவ்வரிசிதானுங்களே! நல்லா வெள்ளையா இருக்கறதாப் பாத்துப் போடுங்க."

கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தையில்தான் வில்லங்கம் இருக்கிறது!

வடநாட்டுக்கெல்லாம் லாரி லாரியாக ஜவ்வரிசி அனுப்பும் ஊர் சேலம். 2023-ம் ஆண்டு 'சேலம் ஜவ்வரிசி'க்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் எந்தப் பண்டத்துக்கு எந்த ரகம் என்று கேட்டால், உள்ளூர்க்காரர்களே தலையைச் சொறிகிறார்கள். விருந்து நாளில் பாயசம் பசையாகிப்போய், வந்த மாப்பிள்ளை முன்னால் மாமியார் கையைப் பிசைந்த கதை பல வீடுகளில் உண்டு.

கருவாட்டு வியாபாரி தொடங்கிய தொழில்

பேரில்தான் அரிசி. ஒரு காலத்தில் கிழக்கே ஜாவா, மலேயா பக்கம் விளையும் ஒருவகைப் பனையின் சோற்றிலிருந்து எடுத்த மாவில் செய்து கப்பலில் வந்த சரக்கு இது. 'ஜாவா அரிசி'யே ஜவ்வரிசி ஆயிற்று என்பார்கள்.

இரண்டாம் உலகப் போரில் கப்பல் சரக்கு நின்றது. கருவாட்டு வியாபாரத்துக்காகக் கேரளப் பக்கம் போய் வந்த சேலம் மாணிக்கம் செட்டியார், அங்கே மரவள்ளி மாவு புழங்குவதைக் கவனித்தார். பினாங்கிலிருந்து வந்த பொபட்லால் ஷாவுக்கு ஜவ்வரிசித் தொழில் தெரிந்திருந்தது. இருவர் கையும் சேர்ந்தது. 1943-ல் சேலத்தில் ஜவ்வரிசி உருண்டது! நம் பக்கத்துக் குச்சிக்கிழங்கே பனைச் சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இன்றைக்கு ஆத்தூர், தலைவாசல், மல்லூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் என்று எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும் சேகோ பாக்டரி களத்தில் வெள்ளை வெளேரென்று காய்வதைப் பார்க்கலாம். புளித்த வாசனை மூக்கைத் துளைக்கும். அது வேறு சங்கதி!

வறுத்ததும், வெந்ததும்

கிழங்கைத் தோல் சீவிக் கழுவி, அரைத்துப் பால் எடுக்கிறார்கள். பால் தொட்டியில் நின்று தெளிந்ததும் அடியில் மாவு கட்டியாகப் படிகிறது. மிஞ்சும் சக்கைக்குப் பெயர் திப்பி. அது மாட்டுத் தீவனமாகப் போய்விடும். ஈர மாவை உதிர்த்துக் குலுக்கினால் குருணை குருணையாகத் திரளும். சல்லடையில் சலித்துப் பெரிசு, சிறிசு பிரிக்கிறார்கள்.

இதுவரைக்கும் எல்லா ஜவ்வரிசிக்கும் ஒரே வழிதான். பாதை பிரிவது இதற்குப் பிறகு.

லேசாக எண்ணெய் தடவிய சூட்டுத் தட்டில் வறுத்து, வெயிலில் காயப்போட்டால் அது மாவு ஜவ்வரிசி. மேல்தோல் மட்டும் சூட்டில் இறுகியிருக்கும். உள்ளே மாவு பச்சையாகவே நிற்கும். அதனால்தான் பால் போல வெளுப்பு. நீராவியில் வேகவைத்துக் காயப்போட்டால் நைலான் ஜவ்வரிசி. உள்ளே வரை வெந்து இறுகியதால் கண்ணாடி மணி மாதிரி இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் வித்தியாசம் சட்டென்று தெரிந்துவிடும்.

சமையலில் தகராறு வருவது இந்த இடத்தில்தான். பாயசத்துக்கு நைலான் ஜவ்வரிசியே ஏற்றது. நன்றாகக் கொதித்தாலும் மணி மணியாக நிற்கும், சட்டென்று கரையாது. முதலில் தண்ணீரில் முழுக்க வேகவிட வேண்டும். மணியின் நடுவே உள்ள வெள்ளைப் பொட்டு மறைந்த பிறகே சர்க்கரையோ வெல்லமோ போட வேண்டும். இனிப்பை முந்திப் போட்டால் நடுப்பொட்டு வேகாமல் நின்று பல்லில் கடிபடும்.

வடகத்துக்கு நைலானை வாங்கி வந்து திண்டாடுகிறவர்கள் நிறையப் பேர். கூழாகக் கரைந்து ஒட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் கரையாத மணியால் என்ன பிரயோஜனம்? மாவு ஜவ்வரிசியை ராத்திரி ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டால் கண்ணாடிப் பசை போல் கூழ் வரும். உப்பு, பச்சை மிளகாய் அரைத்துச் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து துணியில் ஊற்றினால், பங்குனி, சித்திரை வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

உப்புமா, வடைக்கும் மாவு ஜவ்வரிசிதான். ஆனால் தண்ணீர் விஷயத்தில் கை தாராளம் கூடாது! கழுவி, ஜவ்வரிசி மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, சில மணி நேரம் மூடி வைக்க வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினால் மாவாக நசுங்கணும், அதுதான் பதம். தண்ணீர் கூடினால் உப்புமா களியாகிவிடும். மகாராஷ்டிராவில் ஏகாதசி, நவராத்திரி விரதத்துக்கு வேர்க்கடலை போட்டுச் செய்யும் கிச்சடியும் இந்த ரகத்தில்தான். அங்கே விரதம் வந்தால் இங்கே மூட்டை நகரும். ஒரு மூட்டை என்பது 90 கிலோ.

பெரிய நகரங்களில் இளசுகள் குழாய் வைத்து உறிஞ்சும் 'பபிள் டீ'யில் அடியில் கிடக்கும் கறுப்பு உருண்டைகூட மரவள்ளி மாவுதான். தைவான் நாட்டிலிருந்து வந்த நாகரிகம் அது!

வெள்ளை மோகம்

"வெள்ளையா இருந்தா நல்ல சரக்கு" என்ற எண்ணம் எப்படியோ ஊறிவிட்டது. கிழங்கின் தோலை ஒழுங்காகச் சீவி, நல்ல தண்ணீரில் கழுவி எடுத்த மாவில் மங்கலான இயற்கை வெளுப்புதான் இருக்கும். தோலோடு அரைத்துவிட்டு, அழுக்கு நிறத்தை மறைக்க ரசாயனம் போட்டு வெளுக்கும் பேர்வழிகளும் இருக்கிறார்கள். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இதற்காகப் பலமுறை சோதனை போட்டு மூட்டைகளைப் பறிமுதல் செய்திருக்கிறார்கள். வாங்குகிறவர் கண்ணைப் பறிக்கும் வெள்ளை கேட்கக் கேட்க, விற்கிறவர் அதைத்தானே செய்வார்?

இன்னொரு வில்லங்கம் மக்காச்சோள மாவுக் கலப்படம். கிழங்கு விலை ஏறும் காலத்தில் மக்காச்சோள மாவு மலிவு. இதைக் கலக்கிறார்கள் என்று விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் புகார் சொல்லி வருகிறார்கள். அவர்கள் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. கிழங்குக்கு விலை 'பாயின்ட்' கணக்கில். அதாவது மாவுச்சத்தின் அளவில். உதாரணத்துக்கு, 28 பாயின்ட் கிழங்கு, பாயின்ட் 300 ரூபாய் என்றால் டன்னுக்கு 8,400 ரூபாய். கலப்பட மாவு உள்ளே நுழைந்தால் கிழங்குக்குக் கேட்பார் குறைந்து, இந்த 300 தானாக இறங்கும். ஒன்பது, பத்து மாதம் காட்டில் பயிரைக் காத்தவன் கதி?

இந்தக் கலப்படத்தை வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. அயோடின் சொட்டு விட்டால் இரண்டு மாவும் ஒரே மாதிரி நீலம்தான் காட்டும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். மரவள்ளி மாவுத் துகள் உருண்டையாக, ஒரு பக்கம் வெட்டிவிட்டது போல் இருக்கும். மக்காச்சோளத் துகள் பல மூலையாக இருக்கும். 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு சங்கத்தில் மில்காரர்கள் கொண்டுவரும் சரக்கின் மாதிரியைப் பரிசோதித்துத்தான் ஏலத்துக்கு விடுகிறார்கள். சங்கத்துக்கு வராமல் வெளியே கைமாறும் சரக்குக்கு அந்தக் காவல் இல்லை.

சட்டப்படி ஜவ்வரிசியில் ஈரம் நூற்றுக்கு 12-க்கு மேல் போகக்கூடாது. சாம்பல் 0.4-க்கு மேல் கூடாது. நிறம் எதுவும் சேர்க்கவே கூடாது.

கடையில் நிற்கும்போது என்ன பார்ப்பது? பாக்கெட் என்றால் 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். சில்லறை என்றால் ஒரு பிடி அள்ளி மோந்து பாருங்கள். காரமான மருந்து நெடியோ புளிப்போ அடித்தால் கீழே போட்டுவிடலாம். கையில் மாவு அதிகம் ஒட்டினால் உடைந்த பழைய சரக்கு. வேட்டிக்குக் கஞ்சி போடவும், அட்டைப்பெட்டி ஒட்டவும், தறி நூலுக்குப் பசையிடவும் விற்கும் மரவள்ளி மாவை, மலிவு என்று சமையலுக்கு எடுத்துப் போகாதீர்கள். அது வேறு வேலைக்கு வந்த மாவு.

அப்புறம், கடைக்காரர் "எதுக்குங்க்கா?" என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லிவிடுங்கள். இரண்டு டப்பாவும் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும்.