வாயின் உட்தோலும் பாக்கும்

நாக்கின் நுனியால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக, இழுத்தால் நீளும்படி இருக்கும். அதே நாக்கை முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் வையுங்கள். கெட்டியாக, வரிவரியாகத் தட்டுப்படும். ஒரே வாய்க்குள் இரண்டு விதத் தோல்.

நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டுமே தட்டையான செல்கள் பல அடுக்காக அடுக்கப்பட்டவைதாம். உணவு அழுந்தி உரசும் அண்ணத்திலும் ஈறிலும் மேலடுக்கில் கெரட்டின் சேர்ந்திருக்கும். நகத்தில் உள்ள அதே வகைப் புரதம். கன்னம், உதட்டின் உட்புறம், நாக்கடி ஆகியவை விரிய வேண்டிய இடங்கள் என்பதால் அங்கே அந்தக் காப்பு இல்லை. நாக்கடி மிக மெல்லியது. இரத்தக் குழாய்கள் அதை ஒட்டியே ஓடுகின்றன. நெஞ்சுவலிக்காரர்களுக்குச் சில மாத்திரைகளை விழுங்கச் சொல்லாமல் நாக்கடியில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

கன்னத்தின் செல்கள் அடியில் பிறந்து, மெல்ல மேலேறி, சுமார் இரண்டு வாரத்தில் உதிர்கின்றன. ஆகவே சாதாரண வாய்ப்புண் அந்தக் காலத்துக்குள் பெரும்பாலும் ஆறிவிடும். அதைத் தாண்டியும் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு இவற்றைப் பல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களைப் படிக்கையில் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்று: "வலி இல்லை, அதனால் விட்டுவிட்டோம்." வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பலருக்கு வலிப்பதே இல்லை.

செல் அடுக்குக்குக் கீழே நார்கள் கொண்ட இணைப்புத் திசு இருக்கிறது. பாக்கு வேலை செய்வது அங்கேதான். பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற பொருள் நார்களை அதிகமாக உண்டாக்கத் தூண்டுகிறது. உண்டான நார் கரைவதும் குறைகிறது. முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு கன்னம் வெளுத்து இறுகும். கடைசியில் வாய் திறக்காது. 1952இல் மருத்துவ உலகில் இது முதலில் விவரிக்கப்பட்டது கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம். "புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் வெற்றிலை பாக்குதானே" என்று நம் வீட்டுப் பெரியம்மாக்கள் சொல்வது சரியல்ல. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட நூலில் உள்ளது. பிள்ளைகள் வாங்கும் பான் மசாலாப் பொட்டலத்திலும் இருப்பது அதே பாக்குதான். நிறுத்தினால் மேலும் இறுகாமல் தடுக்க வாய்ப்புண்டு. இறுகியது முழுதாக இளகிவிடும் என்று எண்ண வேண்டாம். உங்கள் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் தாமதிக்காதீர்கள்.

உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம். அதன் உட்புறமும் கன்னத்தைப் போன்ற, கெரட்டின் இல்லாத பல அடுக்குத் தோல்தான். இரைப்பையைத் தொட்டதும் அது சட்டென்று நின்று, சளி சுரக்கும் ஒற்றை அடுக்காக மாறுகிறது. இரைப்பை அமிலத்தைத் தாங்குவது அந்தச் சளியால். உணவுக்குழாய்க்கு அந்தக் காப்பு இல்லை. எனவே அமிலம் மேலேறினால் நெஞ்செரிகிறது. ஆண்டுக்கணக்கில் எரிந்தால் சிலருக்கு அங்குள்ள செல்களே குடல் செல்களைப் போல உருமாறுகின்றன. சூட்டையும் அது ஓரளவுதான் தாங்கும். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணமாகக்கூடும் என்று அதே முகமை 2016இல் சொன்னது. சுலைமானியைக் கொஞ்சம் ஆறவிட்டுக் குடிப்பதில் சுவை ஒன்றும் குறையாது.

சோறு இறங்காமல் நெஞ்சில் நிற்பது போலிருந்தால் மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு நாளைக் கடத்தாமல், அரசு மருத்துவமனைக்குப் போய் எண்டோஸ்கோபி தேவையா என்று கேளுங்கள்.