கடைக் கிணற்று நீரில் ஆர்சனிக் பார்த்தீர்களா?

வாசலில் பானை வைத்துத் தாகம் தீர்ப்பவர்கள் நாம். அந்த நீர் எப்படிப்பட்டது?

1983-இல் மேற்கு வங்கத்தில் தோல் நோயோடு வந்தவர்களை ஆராய்ந்த கொல்கத்தா மருத்துவர் கே.சி. சாஹா, குழாய்க் கிணற்று நீரிலிருந்த ஆர்சனிக்கே காரணம் என்று கண்டார். ஆலைக் கழிவல்ல, ஆற்று வண்டலிலேயே இருந்த நஞ்சு. நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. காய்ச்சினாலும் போகாது, நீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். வங்கதேசத்தில் சோதித்த அடிகுழாய்களுக்கு நஞ்சென்றால் சிவப்பும் நல்லதென்றால் பச்சையும் பூசினார்கள்.

கல்வராயன் மலையடிவாரம் கடினப்பாறை பூமி, வங்கத்து வண்டலன்று. அதற்காகச் சோதிக்காமல் இருந்துவிடலாமா? இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். உப்பு, கடினத்தன்மை மட்டும் பார்க்கும் சோதனையில் இது தெரியாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கும்போது, ஆர்சனிக்கையும் பார்க்க வேண்டுமெனத் தனியே கேளுங்கள். கள்ளக்குறிச்சியில் பலகாரக் கடை, உணவுக்கடை நடத்துவோர் முந்திக்கொள்வது நல்லது.