தலைவலியும் மருத்துவரும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பர் நம் முன்னோர். வந்தவுடன் நாம் செய்வது யாது? நெற்றியில் சுக்குப் பற்றிடுகிறோம்; கோடாலித் தைலம் தடவுகிறோம்; அதற்கும் அடங்காவிடில் கடையில் பனடோல் வாங்கி விழுங்குகிறோம். பசி, உறக்கக் குறைவு, வெயில், நீர் அருந்தாமை, மனக்கவலை ஆகியவற்றால் வரும் தலைவலி பெரும்பாலும் ஓய்விலேயே தணிந்துவிடும். தணியாத தலைவலியை மருத்துவரிடம் எப்பொழுது காட்டுவது என்பதே நாம் அறிய வேண்டுவதாகும்.

முதலில் நாள்களை எண்ணுவோம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி வந்து, அந்நிலை 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால், அதனை நாள்பட்ட தலைவலி என்பர் மருத்துவர்.

அடுத்து மாத்திரைகளை எண்ணுவோம். வேலை கெடுமே என்று அஞ்சி, விடியற்காலையில் பிரட்டுக்குச் செல்லுமுன் மாத்திரை விழுங்குவோர் நம்மிடையே உளர். அடிக்கடி தலைவலி வருவோர் பனடோல் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பல மாதங்கள் உண்டால், அம்மாத்திரையே தலைவலியை வளர்க்கும். வலியால் மாத்திரை, மாத்திரையால் வலி என்று அது சுழலும். மருத்துவர் துணையின்றி இச்சுழலிலிருந்து மீளுதல் அரிது.

சில அறிகுறிகள் தோன்றினால் நாள் எண்ணிக்கொண்டிருத்தல் கூடாது. இடி விழுந்தாற்போல் திடீரெனக் கடுவலி எழுதல், காய்ச்சலுடன் பிடரி விறைத்தல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறுதல், பார்வை மங்குதல், வலிப்பு, தலையில் அடிபட்டபின் வலி மிகுதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே 999 எண்ணை அழைத்து மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். 50 வயதுக்குமேல் புதிதாகத் தோன்றும் தலைவலியையும், விடியலில் வாந்தியுடன் வரும் தலைவலியையும் காலந்தாழ்த்தாது காட்டவேண்டும்.

மற்றையோர் முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்குச் செல்லலாம். மருத்துவர் இரத்த அழுத்தம், கண், நரம்பு ஆகியவற்றைச் சோதிப்பார். பலருக்கு அங்கேயே குணம் கிட்டும். மருந்துண்டும் குறையாவிடினும், வலியின் தன்மை மாறினாலும், காரணம் விளங்காவிடினும் நரம்பியல் நிபுணரைக் காணக் கடிதம் தருவார். நம் மாநிலத்தில் ஜார்ஜ் டவுன் ரெசிடென்சி சாலையிலுள்ள பினாங்கு மருத்துவமனையில் அத்தகைய நிபுணர்கள் உளர். கடிதம் பெற்றபின், வலி சற்றுக் குறைந்ததென்று போகாதிருத்தல் தவறு.

பெற்றோர்களே! பிள்ளை தலைவலி என்றால், பள்ளிக்கு மட்டம் போட நினைக்கிறான் என்று கடிந்துகொள்ளாதீர். கரும்பலகை எழுத்து தெரியாது கண்ணை வருத்துவதாலும் தலை வலிக்கலாம். மருத்துவர் கூறாமல் சிறுவர்க்கு ஆஸ்பிரின் கொடுத்தலும் ஆகாது.

மாணவர்களே! உங்கள் தாயோ பாட்டியோ அடிக்கடி தலையைப் பிடித்துக்கொண்டு அமர்வதைக் கண்டால், ஒரு குறிப்பேடு எடுங்கள். வலி வந்த நாள், தொடங்கிய நேரம், வலித்த இடம், உறங்கிய நேரம், உண்ட மாத்திரை ஆகியவற்றை அவர்களைக் கேட்டு எழுதுங்கள். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகள் இவையே. எழுதப் படிக்கக் கற்ற நாம், வீட்டிலுள்ளோர் நலங்காக்க அக்கல்வியைப் பயன்படுத்துவோமாக!