இளைய வாடிக்கையாளரும் நம் கடைப் பையும்



"கவர் வேண்டாம் அண்ணாச்சி, பை இருக்கிறது" என்று சொல்லும் கல்லூரிப் பிள்ளைகள் இன்று நம் மளிகைக் கடைகளுக்கு வருகிறார்கள். இதை விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிடலாகாது.

2021-இல் இந்தியா உட்பட 10 நாடுகளில், 16 முதல் 25 வயது வரையிலான 10,000 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. பருவநிலை மாற்றம் குறித்து மிகுந்த கவலை கொண்டிருப்பதாக நூற்றுக்கு 59 பேர் கூறினர். பிளாஸ்டிக் பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெய், எரிவாயுவிலிருந்தே தயாராகிறது. அதைச் செய்யும்போதும் எரிக்கும்போதும் பூமியைச் சூடாக்கும் வாயு வெளியேறுகிறது. ஆகவேதான் இளைஞரின் கவலை நம் கல்லா வரை வந்து நிற்கிறது.

பிள்ளைகள் செய்து காட்டியது

2018-இல் தூத்துக்குடிப் பள்ளி மாணவிகள் தின்பண்ட உறைகள் 20,000-க்கு மேல் சேகரித்து, தயாரித்த நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினர். உறையை மாற்றும்படியும் கேட்டனர். அவர்கள் கடைக்காரரைக் குறை சொல்லவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். கம்பெனி பாக்கெட்டை நாம் தயாரிப்பதில்லை. பழியை மட்டும் நாம் சுமக்கிறோம். தயாரிப்பாளரே தம் பிளாஸ்டிக் கழிவுக்குப் பொறுப்பு என்று மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு விதித் திருத்தம் விரிவாக வகுத்துள்ளது. இந்த விஷயத்தில் பிள்ளைகளும் நாமும் ஒரே பக்கம்தான்.

சட்டம் சொல்வது

தமிழ்நாட்டில் 1-1-2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளது. எத்தனை மைக்ரான் ஆனாலும் பிளாஸ்டிக் கேரி பேக் கூடாது. துணி போலத் தோன்றும் 'நான்-ஓவன்' பையும் பிளாஸ்டிக் இழையே. அதற்கும் தடை உண்டு. இதை அறியாமல் கொள்முதல் செய்வோர் நம்மில் பலர். 2019 ஜூனில் அறிவிக்கப்பட்ட அபராதப்படி மளிகைக் கடைக்கு முதல் முறை ரூ.1,000, இரண்டாம் முறை ரூ.2,000, மூன்றாம் முறை ரூ.5,000. இருப்பு வைத்து சப்ளை செய்யும் மொத்த வியாபாரிக்கு ரூ.25,000-இல் தொடங்குகிறது.

நாம் செய்யக்கூடியவை

1. கல்லா அருகில் துணிப்பை வைத்து, அடக்க விலைக்கே கொடுக்கலாம். கடைப் பெயர் அச்சிட்டால் அதுவே விளம்பரம்.

2. எண்ணெய்க்கும் மாவுக்கும் பாத்திரம் கொண்டு வருவோரிடம் முகம் சுளிக்க வேண்டாம். காலிப் பாத்திரத்தின் எடையை வாடிக்கையாளர் கண்முன் கழித்த பிறகே சரக்கை நிறுக்க வேண்டும்.

3. பருப்பு, சர்க்கரையை வெற்றுக் காகிதப் பையில் கட்டலாம். அச்சடித்த செய்தித்தாளில் உணவுப் பொருளை மடிப்பது உணவுப் பாதுகாப்பு விதிக்கு விரோதம்.

4. உறையை மாற்றும்படி கம்பெனிப் பிரதிநிதிகளிடம் கூட்டாகக் கேட்போம். ஒரு கடை கேட்டால் காதில் விழாது. சங்கம் கேட்டால் விழும்.

கவருக்குச் செலவழித்த பணம் மிச்சமாவதும் நமக்கு லாபமே. அதே சமயம், பை கொண்டுவராத வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவாரோ என்ற அச்சம் நியாயமானது. ஒரு கடை மட்டும் நிறுத்தினால் அது நடக்கும். ஆகவே ஒரு தெருவில் உள்ள எல்லாக் கடைகளும் ஒரே நாளில் நிறுத்த வேண்டும்.

இன்று பை கொண்டு வரும் பிள்ளைதான் நாளை குடும்பத்திற்கு மாதச் சாமான் பட்டியல் எழுதப் போகிறவர். அவர் மதிக்கும் கடையாக நம் கடை இருக்கட்டும்.