செக் மொழியும் நம் நாவுக்கு எட்டும்

பள்ளி திறக்கும்போது பாட்டா சப்பாத்து வாங்காத தோட்ட வீடு உண்டா? அது செக் நாட்டுப் பெயர். 1894இல் ஸ்லீன் நகரில் தொடங்கிய தொழில். அந்நாட்டார் நாவில் அது ஏறக்குறைய 'பத்ய'.

புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து மேற்படிப்புக்கோ சுற்றுலாவுக்கோ பிராக் நகர் செல்லும் உங்கள் பிள்ளை மொழியை எண்ணி அஞ்ச வேண்டாம். குறில் நெடில் அறிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. செக் மொழியிலும் ஓசை நீண்டால் பொருள் மாறும். 'பித்' என்றால் குடியிருக்கும் வீடு. 'பீத்' என்றால் இருத்தல். இரண்டிலும் 'புக்கிட்' என்பதில் வரும் 'ப' ஓசைதான். உயிரெழுத்தின் மேல் சிறு கோடு இருந்தால் நெடில். 'ஜே' எழுத்தை 'ய' என்று ஒலியுங்கள். முதல் அசையை அழுத்திச் சொல்லுங்கள்.

வணக்கம் – தொப்ரீ தென் ('தேவி'யில் வரும் 'த')
தயவுசெய்து – ப்ரொசீம்
நன்றி – தியெக்குயி (இதற்கும் அதே 'த')
என்ன விலை? – கொலிக் தொ ஸ்தொயீ?
ஆம் – அனொ
இல்லை – நெ

ஒன்றில் கவனம்! பேச்சில் 'அனொ'வை 'நொ' என்று சுருக்குவார்கள். ஆங்கில 'நோ' என்று எண்ணித் திரும்பிவிடாதீர்கள். அவர் 'ஆம்' என்கிறார்!

1927இல் பிராக்கில் பிறந்த கமில் சுவலபில் நம் தமிழைக் கற்றுப் பேரறிஞரானார். அவர் மொழியில் நாம் ஆறு சொல் கற்கலாகாதா?