மேடையில் ஓடிய ரயில்

கொல்கத்தாவின் பவானிபூருக்கு வடக்கு எல்லை ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலை. அதைத் தாண்டினால் ரவீந்திர சதன். தாகூரின் நூற்றாண்டான 1961இல் நேரு அடிக்கல் நாட்டிய அரங்கம். நாலு எட்டு வைத்தால் அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், வங்காளக் குழு நாடகங்களின் தாய்வீடு. நடிகருக்காக, பாட்டுக்காக டிக்கெட் எடுப்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. கொல்கத்தா ஒரு காலத்தில் லைட் போடுகிறவருக்காகவும் டிக்கெட் எடுத்தது. அவர் தாபஸ் சென்.

1924இல் அஸ்ஸாமின் துப்ரியில் பிறந்து, தில்லியில் வளர்ந்து, கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தவர். 1959இல் பிஸ்வரூபா தியேட்டரில் ‘சேது’ நாடகம். நாயகி தண்டவாளத்தை நோக்கிப் போகிறாள். இருட்டில் ஒரு வெளிச்சப் பொட்டு. அது பெருத்து, கண்ணைக் கூசவைத்து, இரைச்சலோடு மேடையைக் கடந்துவிடுகிறது. ரயிலும் கிடையாது, சினிமாத் திரையும் கிடையாது. விளக்கும் ஒலியும் மட்டும். அதே ஆண்டின் கடைசியில் மினர்வாவில் உத்பல் தத்தின் ‘அங்கார்’. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து, தொழிலாளர்கள் கண்ணெதிரே மூழ்குகிறார்கள். அந்த வெள்ளமும் வெளிச்சம்தான். இசை ரவிசங்கர். நாடகத்தை விளக்கு விழுங்கிவிட்டது என்று குறை சொன்னவர்களும் இருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்ணீர் ஏற ஏறத்தானே அந்தத் தொழிலாளிகளின் சாவு பார்ப்பவர் நெஞ்சை அடைக்கும்?

இன்று ஒரு பொத்தானில் நடப்பது அன்று எவ்வளவு பெரிய வேலை! அக்காலத்து மேடைகளில் விளக்கை மெல்ல ஏற்றி இறக்க உப்புநீர் டிம்மர் இருந்தது. ஜாடியில் உப்புத் தண்ணீர். உள்ளே இரண்டு உலோகத் தகடுகள். மேல் தகட்டைக் கயிற்றில் இறக்கி அடித்தகட்டை நெருங்க விட்டால் மின்சாரம் கூடும், விளக்கு பிரகாசிக்கும், தூக்கினால் மங்கும். போகப் போகத் தண்ணீர் சூடாகும். ஈரக் கை பட்டால் ஆபத்து. பக்கத் திரைக்குப் பின்னால் நிற்பவர் ஒரு கண்ணை நடிகர் மேலும் ஒரு கண்ணை ஜாடி மேலும் வைத்திருக்க வேண்டும். நடிகர் வசனத்தை ஒரு மூச்சு தள்ளிச் சொன்னால் இவர் கயிறும் ஒரு மூச்சு காத்திருக்க வேண்டும். இதைக் கலை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

வங்காளத்தில் அதைச் சொன்னார்கள். நாடக விளம்பரத்தில் இயக்குநர் பெயரோடு ஒளியமைப்பாளர் பெயரும் வந்தது. 1974இல் தாபஸ் சென்னுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. 2006இல் அவர் காலமானார்.

தமிழ் நாடக மேடையில் ஆர்.எஸ்.மனோகரின் தந்திரக் காட்சிகளுக்குக் கைதட்டியவர்கள் நாம். அந்தக் கயிற்றை இழுத்தவர் யார் என்று கேட்டோமா? மார்கழி இசை விழாவில் சபா கேன்டீன்காரர் பெயர்கூடப் பத்திரிகையில் வருகிறது. வரட்டும், நல்ல சமையலுக்குரிய மரியாதை அது. தம்பூராவின் நாதம் கடைசி வரிசைவரை கேட்கும்படி மைக்கைச் சரிசெய்கிறவரின் பெயரும் அழைப்பிதழில், மிருதங்க வித்வானின் பெயருக்குக் கீழே, அதே எழுத்தளவில் அச்சாக வேண்டும். இந்த டிசம்பரிலேயே ஏதாவது ஒரு சபா தொடங்கலாம்.